மீட்பின் விலை

ஜோசப் கொன்ராட் 1900 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட ‘லோர்ட் ஜிம்’ என்னும் நாவல் மானத்தின் கதை எனவும், கோழைமை ஒரு கணப்பொழுதில் மனிதனைப் பற்றிக்கொள்ளும் விதத்தை நுணுகி ஆராயும் கதை எனவும் ஆங்கில இலக்கியம் பயில்வோரால் போற்றப்பட்டு வந்துள்ளது. அப்போற்றுதல் முற்றிலும் தவறானதன்று. ஆயினும், அந்நாவலுக்குத் தோற்றுவாயாக அமைந்த உண்மை நிகழ்ச்சியையும் நாவலில் அது பெற்ற வடிவத்தையும் அருகருகே வைத்து நோக்கும்பொழுது வேறொரு வினா தலைகாட்டுகின்றது. ஆபத்தில் அகப்பட்ட உயிர்களைக் காத்ததற்கு விலை உண்டா, உண்டாயின் அதனைச் செலுத்தவேண்டியவர் யார் என்பதே அவ்வினா. மீட்கப்பட்டோரிடம் செலவுப் பட்டியலை நீட்டுவது நியாயமே என்னும் வாதம் இன்று பல நாடுகளில் வலுப்பெற்று வருகின்றது. எம்மிடையேயும் அதற்குத் தலையசைப்போர் உளர். ஆகவே வினாவை நாவலோடு நிறுத்திக்கொள்ளாது சற்று விரிவாக நோக்குதல் பொருத்தமாகும்.

1880 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ‘ஜெத்தா’ என்னும் நீராவிக் கப்பல், மக்காவுக்கு யாத்திரை செல்லும் முஸ்லிம் மக்கள் ஏறத்தாழ ஆயிரம் பேருடன் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டது. ஏடனை அணுகுவதற்குமுன் கடல் கொந்தளித்தது. கொதிகலன்கள் தம் இருப்பிடத்தினின்றும் பெயர்ந்தன. கப்பலுக்குள் நீர் புகுந்தது. யாத்திரிகர் நீரை இறைத்து இறைத்துக் கொட்டினர். இந்நிலையில் கப்பற்றலைவனும் வெள்ளைக்கார அதிகாரிகளும் படகொன்றில் இறங்கித் தப்பினர். வழியில் வந்த கப்பலொன்று அவர்களை ஏற்றிக்கொண்டது. ஏடனை அடைந்த அவர்கள், ‘ஜெத்தா’ மக்களோடு மூழ்கிவிட்டது என அறிவித்தனர். அறிவித்த ஈரம் காயுமுன்னரே, அக்கப்பல் அத்தனை மக்களுடனும் ‘அந்தினோர்’ என்னும் வணிகக் கப்பலால் இழுத்துவரப்பட்டு அதே துறைமுகத்தை வந்தடைந்தது! விசாரணை நடந்தது. தலைவனது தகுதிப்பத்திரம் மூன்றாண்டுகளுக்கு இடைநிறுத்தப்பட்டது. முதன் மாலுமியாக இருந்த ஒஸ்ரின் வில்லியம்ஸ் என்பவரே ஜிம் என்னும் பாத்திரத்துக்கு மூலவுரு என்பர் ஆராய்ச்சியாளர்.

இவ்வரலாற்றில் இன்னொரு கூறும் உண்டு. ‘அந்தினோர்’ வணிகக் கப்பல். கைவிடப்பட்ட கலத்தை இழுத்துவந்தமைக்காக அதன் சார்பில் நீதிமன்றில் பணம் கோரப்பட்டது. ஆபத்துற்ற கப்பலையும் சரக்கையும் காத்துக் கொடுத்தோருக்குக் கடற்சட்டம் வழங்கும் இப்பணத்தை மீட்பூதியம் என இக்கட்டுரையில் வழங்குவோம்.

கொன்ராட் இந்நிகழ்ச்சியை எடுத்தாண்டபொழுது பலவற்றை மாற்றினார். ‘ஜெத்தா’ ‘பட்னா’வாயிற்று, யாத்திரிகர் எண்ணூறு பேராயினர். நாவலாசிரியனுக்கு இத்தகைய உரிமை உண்டு. ஆயின், எம் கருத்தை ஈர்ப்பது மூன்றாவது மாற்றமாகும். நாவலில் ‘பட்னா’வை இழுத்து வருவது வணிகக் கப்பலன்று; பிரெஞ்சுப் போர்க்கப்பல். அதன் லெப்டினன் ஒருவர் மூழ்கக்கூடிய அக்கலத்திலே முப்பது மணிநேரம் நின்று கடமையாற்றுகிறார். ஆண்டுகள் பல கழிந்தபின் அவர் அதனை நினைவுகூரும்பொழுது, உணவோடு அருந்த வைன் இல்லாமற் போனதையே குறையாகக் கூறுகிறார். பாத்திர வார்ப்பு என்ற வகையில் இது மிக உயர்ந்த வேலைப்பாடு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் விளைவு யாது? வணிகக் கப்பலின் இடத்திற் போர்க்கப்பல் வந்தவுடன் மீட்பூதியம் கதையிலிருந்து மறைந்துவிடுகின்றது. பேரம், கம்பனி, நீதிமன்று, பணம் யாவும் நழுவிப்போக, கடமை என்னும் தூய பொருள் மாத்திரம் எஞ்சுகின்றது. மீட்புக்குப் பின்னாலிருந்த பொருளாதார உறவு துடைக்கப்பட்டமையாலேயே அந்நாவல் ஒரு தனிமனிதனின் மானத்தைப் பற்றிய நாவலாக முடிந்தது எனலாம்.

அதுமட்டுமன்று. அவ்வெண்ணூறு பேரும் நாவலில் ஏறக்குறைய வாய் திறப்பதில்லை. அவர்கள் உறங்குகிறார்கள், மூழ்காமல் இருக்கிறார்கள், பின்னர் கதையிலிருந்து அகன்றுவிடுகிறார்கள். ஜிம் தன் கடனை ஈற்றில் உயிர் கொடுத்தே தீர்க்கின்றான். ஆயினும் அதனைப் பெறுபவர் அந்த யாத்திரிகர் அல்லர். பட்டுசானில் மகனை இழந்த முதியவர் டொராமின். ஓரிடத்திற்பட்ட கடன் இன்னோரிடத்திற் செலுத்தப்படுகின்றது. அதனை ‘மீட்சி’ என்று வியக்கின்றது விமர்சன உலகம். நீர் இறைத்த கைகளுக்கு அந்நாவலில் இடமில்லாமற் போனமை கொன்ராட்டின் தனிப்பட்ட குறை என்று நாம் கொள்ளவில்லை. அவர் நின்று நோக்கிய மேற்றளத்திலிருந்து கீழ்த்தளம் தெரியவில்லை.

நாவல் துடைத்ததைச் சட்டம் எழுதி வைத்திருக்கின்றது. கடற்சட்டத்தின் பழைய விதி, பொருளைக் காத்தவனுக்கு ஊதியம், உயிரை மாத்திரம் காத்தவனுக்கு ஏதுமில்லை என்பது. 1910 ஆம் ஆண்டில் பிரசெல்சு நகரிற் செய்யப்பட்ட உடன்படிக்கையும், அதன் இடத்தைப் பின்னர் நிரப்பிய 1989 ஆம் ஆண்டின் உடன்படிக்கையும், உயிர் காக்கப்பட்டவரிடமிருந்து எவ்வித ஊதியமும் பெறுதற்கில்லை எனக் கூறுகின்றன. மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது மானிட உயிரின் பெருமையைப் பறைசாற்றுவதாகவே தோன்றும். உயிர் விலைமதிப்பற்றது, ஆதலால் அதற்கு விலை பேசலாகாது என்பது அவர்தம் விளக்கமாகும். உண்மைதான். ஆனால் அதே விதியை மறுபக்கத்திலிருந்தும் வாசிக்கலாம். ஒரு கப்பற்றலைவன் தன் முன்னே இரண்டு வேலைகளைக் காண்கிறான். ஒன்றைச் செய்தாற் பணம் கிடைக்கும். மற்றதைச் செய்தால் எரிபொருளும் நாட்களும் நட்டமாகும். சட்டம் அவனுக்கு இரண்டாவதைக் கடமை என்று விதித்துவிட்டு, முதலாவதற்குப் பரிசு வைத்திருக்கின்றது. சந்தையில் விலை இல்லாத பொருளுக்கு நேர்வது யாது என்பதை எம் வாசகர்க்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

இம்முரண்பாட்டைச் சட்டஞ் செய்தோர் அறியாதவரல்லர். பொருளும் உயிரும் ஒருங்கே காக்கப்படுமிடத்து, உயிரைக் காத்தவனுக்குப் பொருளின் மீட்பூதியத்திலிருந்து நியாயமான பங்கு உண்டென்று அவ்வுடன்படிக்கைகள் கூறுகின்றன. அதாவது, உயிர் தன் காலில் நிற்க இயலாமற் சரக்கின் தோளைப் பற்றிக்கொண்டு நிற்கவேண்டும். இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. காத்தாலன்றிக் கூலியில்லை என்னும் பழைய விதியை மாற்ற இயலாது என்று நெடுங்காலம் கூறிவந்தார்கள். 1978 ஆம் ஆண்டில் ‘அமொக்கோ காடிஸ்’ என்னும் எண்ணெய்க் கப்பல் பிரான்சின் கரையில் உடைந்து கடலை நாசமாக்கியது. அதன் பின்னர் வந்த 1989 உடன்படிக்கையில், கப்பல் காக்கப்படாவிடினும் எண்ணெய்க் கசிவைத் தடுக்க முயன்றவனுக்குச் செலவை ஈடுசெய்யும் விசேட ஏற்பாடு சேர்க்கப்பட்டது. நல்ல ஏற்பாடுதான், கடலும் கரையும் காக்கப்படவேண்டியவையே. ஆனால் எண்ணெயின் பொருட்டு நெகிழ்ந்த விதி, வெறும் உயிரை மாத்திரம் காத்தவனின் பொருட்டு அவ்வாறு நெகிழவில்லை.

எனினும் இங்கிலாந்து 1854 ஆம் ஆண்டிலேயே ஒரு படி மேலே சென்றது என்பதைக் குறிப்பிடாது விடுதல் நேர்மையாகாது. அவ்வாண்டின் வணிகக் கப்பற் சட்டம், உயிர் மீட்புக்குரிய ஊதியத்தைக் கப்பலுடைமையாளர் ஏனைய கோரிக்கைகளுக்கு முன்னதாகச் செலுத்தவேண்டும் என விதித்தது. கப்பலே அழிந்துபோயின், அரசாங்கத்தின் வர்த்தக சபை பொது நிதியிலிருந்து தன் விருப்பப்படி வழங்கலாம் எனவும் கூறிற்று. அச்சட்டத்தை இயற்றியோர் சோஷலிசவாதிகள் அல்லர். கப்பல் முதலாளிகள் நிறைந்த பாராளுமன்றம் அது. ஆயினும் இரண்டு உண்மைகளை அது ஒப்புக்கொண்டது. மீட்டவனுக்கு ஊதியம் வேண்டும். அதனைப் பயணத்தால் இலாபமடைந்தவனிடமிருந்தோ பொது நிதியிலிருந்தோ பெறவேண்டுமேயன்றி, நனைந்த உடையோடு நடுங்கி நிற்பவனிடமிருந்தன்று.

எமது கடலிலே நடந்ததையும் காண்போம். 2020 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 3 ஆம் நாள், ஏறத்தாழ 270,000 தொன் மசகெண்ணெயுடன் குவைத்திலிருந்து இந்தியாவின் பரதீப்புக்குச் சென்றுகொண்டிருந்த ‘நியூ டயமண்ட்’ என்னும் கப்பல் அம்பாறை மாவட்டத்துச் சங்கமன்கண்டிக்கு அப்பால் தீப்பற்றியது. இருபத்துமூன்று மாலுமிகளில் பிலிப்பைன்சு நாட்டவர் ஒருவர் இறந்தார், ஏனையோர் காப்பாற்றப்பட்டனர். இலங்கைக் கடற்படையும் இந்தியக் கரையோரக் காவற் படையும் பிறரும் நாட்கணக்கிற் போராடித் தீயை அணைத்தனர். பின்னர், தீயணைப்புச் செலவின் பொருட்டு எமது சட்டமா அதிபர் கப்பலுடைமையாளரிடம் முதலில் 34 கோடி ரூபா கோரினார். அக்கோரிக்கை முற்றிலும் நியாயமானது என்பது எம் துணிபு. எண்ணெய் முதலாளியின் சரக்கை இலங்கை மக்களின் வரிப்பணத்தில் இலவசமாகக் காத்துக் கொடுக்கவேண்டிய கடப்பாடு எவருக்கும் இல்லை. ஆயின், அக்கப்பலிலிருந்து இறக்கப்பட்ட மாலுமிகளிடம் ஆளுக்கு இவ்வளவு என்று எவரேனும் கேட்டிருந்தால் நாடே வெட்கித்திருக்கும். மீட்பூதிய விதி தன் சிறந்த வடிவத்திற் கூறுவது இதனையே. நாம் எதிர்ப்பது பணம் கோருவதையன்று; கோரப்படும் ஆளை மாற்றுவதை.

ஆள் எவ்வாறு மாறுகிறான்? இதற்கு நிலத்துக்கு வரவேண்டும்.

உரோமாபுரியின் பெருஞ்செல்வன் கிராசசு தனியார் தீயணைப்புப் படை வைத்திருந்தான் என்றும், எரியும் வீட்டின் முன்னே நின்று பேரம் பேசினான் என்றும் ஒரு கதை பலராலும் சொல்லப்படுகின்றது. புளூட்டாக் எழுதிய வாழ்க்கை வரலாற்றிலே தீயணைப்புப் படை இல்லை. எரிகின்ற வீட்டையும் அதன் அயல் வீடுகளையும், அச்சமுற்ற உடைமையாளரிடம் அற்ப விலைக்கு அவன் வாங்கினான் என்பதும், கட்டடத்தொழில் அறிந்த அடிமைகள் ஐந்நூறு பேருக்கு மேல் வைத்திருந்தான் என்பதுமே அங்குள்ள செய்தி. கதையைவிட உண்மை கொடியது. அவன் தீயை அணைக்கவும் இல்லை. அச்சத்தை வாங்கி விற்றான். அகஸ்டசு கி.பி. 6 ஆம் ஆண்டில் நகருக்குப் பொதுவான காவற்படை ஒன்றை அமைத்தபொழுதுதான் உரோமாபுரியில் தீ பொதுக் கருமமாயிற்று.

இலண்டன் நகரம் அதே பாடத்தை ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னர் மீண்டும் படித்தது. 1666 ஆம் ஆண்டின் பெருந்தீயின் பின் தோன்றிய காப்புறுதிக் கம்பனிகள் தத்தமக்கெனப் படைகளை வைத்துக்கொண்டு, காப்புறுதி செய்த வீட்டுச் சுவரிலே தம் இலச்சினைத் தகட்டைப் பொருத்தின. தகடில்லாத வீட்டை எரியவிட்டார்கள் என்று பரவலாகச் சொல்லப்படுவதற்குச் சான்று மிக மெலிந்தது; தீ தகடு பார்த்துப் பரவுவதில்லையாதலால் அது கம்பனிக்கே பாதகமாயிருந்திருக்கும். 1861 ஆம் ஆண்டில் தூலி வீதிப் பண்டகசாலைகள் எரிந்தன. கம்பனிகளின் கூட்டுப்படைத் தலைவர் யேம்ஸ் பிரெய்ட்வூட் அங்கே மடிந்தார். இச்சுமை தம்மால் இயலாது என்று கம்பனிகளே கைவிரித்தன. 1865 ஆம் ஆண்டின் சட்டத்தால் நகரத் தீயணைப்புப் படை பொதுச் சேவையாயிற்று.

இவ்வளவும் நடந்து முடிந்தபின் 2010 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில், உலகின் செல்வம் மிக்க நாட்டிலே நிகழ்ந்ததைக் கேளுங்கள். அமெரிக்காவின் தெனசி மாநிலத்தில் ஓபியன் என்னும் நாட்டுப்புறப் பிரிவு. அங்குள்ளோர் ஆண்டுக்கு 75 டொலர் கொடுத்தாற்றான் அருகிலுள்ள சவுத் புல்ற்றன் நகரின் தீயணைப்புச் சேவை அவர்களுக்கு அன்று கிடைத்தது. ஒரு குடும்பம் அவ்வாண்டு பணம் கட்டியிருக்கவில்லை. வீடு தீப்பற்றியது. படையினர் வந்தனர், பணம் கட்டியிருந்த அயலவரின் நிலத்துக்குத் தீ பரவாமற் காவல் நின்றனர். வீட்டுக்காரர் எவ்வளவானாலும் தருகிறேன் என்றார், மறுக்கப்பட்டது. வீடு அவர்கள் கண்முன்னே எரிந்து முடிந்தது. அடுத்த ஆண்டும் அதே பகுதியில் இன்னொரு வீடு அவ்வாறே எரிந்தது. ‘பணம் கட்டாதவருக்கும் அணைத்தால் யார்தான் கட்டுவார்?’ என்று இதற்குச் சமாதானம் சொன்னார்கள். வாதம் தர்க்கப் பிழையற்றது என்பதை ஒப்புக்கொள்வோம். எத்தகைய அடிப்படையின்மேல் நின்றால் இத்தகைய தர்க்கம் பிழையற்றதாகின்றது என்பதே ஆராயத்தக்கது. தீயணைப்பு எல்லோருக்கும் பொதுவான வரியினின்றும் பிரிக்கப்பட்டு, கடையிற் கிடைக்கும் சரக்காக்கப்பட்ட கணத்திலேயே அவ்வீடு எரிந்துவிட்டது. 2010 இல் நெருப்பு வந்தது, அவ்வளவே.

இனி, எமது ஆசிரிய நண்பர் சிலரும் ஏற்றுக்கொள்ளும் ஒரு வாதத்தை நோக்குவோம். எல்லோரிடமும் வேண்டாம், கவலையீனத்தால் தாமே ஆபத்தைத் தேடிக்கொண்டவரிடம் மட்டும் அறவிடலாமே என்பர். வசதி படைத்தவன் விளையாட்டுக்காக மலையேறுகிறான், அவனைத் தேட ஏழைகளின் வரிப்பணமா என்று கேட்கும்பொழுது இவ்வாதத்துக்கு ஒரு முற்போக்குச் சாயலும் ஏறிவிடுகின்றது. அமெரிக்காவின் நியூ ஹம்ப்சயர் மாநிலம் இதனைச் சட்டமாகவே செய்து பார்த்தது. 2008 ஆம் ஆண்டில் அங்கே கவலையீனமாக நடந்துகொண்டவரிடம் தேடற் செலவை அறவிடலாம் என விதிக்கப்பட்டது. 2009 ஆம் ஆண்டில் வொஷிங்ரன் மலையில் வழிதவறி மூன்று இரவுகளைப் பனியிற் கழித்த பதினேழு வயதுச் சாரணச் சிறுவன் ஒருவனுக்கு 25,000 டொலருக்கு மேற்பட்ட பட்டியல் அனுப்பப்பட்டது. பின்னர் 2015 ஆம் ஆண்டு தொடக்கம் ஓர் அட்டை விற்கப்படலாயிற்று. 25 டொலர் கொடுத்து அதனை வாங்கியவர் கவலையீனமாக நடந்தாலும் செலவைச் செலுத்தவேண்டியதில்லை!

ஒழுக்கவாதம் இங்கே தன் வேடத்தைத் தானே களைந்துவிடுகின்றது. கவலையீனம் குற்றமாயின் அட்டை அதனைக் கழுவமாட்டாது. அட்டை கழுவுமாயின் அது குற்றமேயன்று, கட்டாத சந்தாவாகும். இவ்வளவும் ஒருபுறமிருக்க, அறவிடுதலுக்கு எதிராகக் குரல் கொடுப்போர் மலை மீட்புத் தொண்டர்களே என்பது மனங்கொள்ளத்தக்கது. பட்டியலுக்கு அஞ்சுபவன் உதவி கேட்கத் தாமதிப்பான். பகலில் எளிதாக முடியவேண்டிய தேடல் இருளிலும் புயலிலும் நடக்கும். மீட்கச் செல்வோரின் உயிரும் ஆபத்துக்குள்ளாகும் என்று அவர்கள் கூறுகின்றனர். கணக்கேட்டின் முன் அமர்ந்திருப்பவர் அறவிடச் சொல்கிறார். கயிற்றின் நுனியில் தொங்குபவர் வேண்டாம் என்கிறார். இவ்விருவரில் எவருடைய அனுபவத்துக்கு மதிப்பளிப்பது என்பதில் எமக்கு ஐயமில்லை.

ஜேர்மனியில் நிகழ்ந்த வழக்கொன்று இதனினும் கூர்மையானது. 2003 ஆம் ஆண்டில் கொலம்பியாவிற் கெரில்லாக்களால் கடத்தப்பட்ட ஜேர்மன் பயணி ஒருவர் விடுவிக்கப்பட்டபொழுது ஹெலிகொப்டரில் அழைத்துவரப்பட்டார். அச்செலவாக ஏறத்தாழ 12,600 யூரோவை அவரே செலுத்தவேண்டும் என்று 2009 ஆம் ஆண்டில் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்று தீர்ப்பளித்தது. குடிமகளுக்கும் அரசுக்கும் இடையிலான உறவு, பிரயாணிக்கும் விமானக் கம்பனிக்கும் இடையிலான உறவாகச் சுருங்கியமைக்கு இதனைவிடத் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

தமிழ் படித்தவர்கள் இவ்விடத்தில் உடனே வள்ளுவரை நினைவர். மாரிக்கு உலகம் என்ன திருப்பிக் கொடுக்கின்றது என்று ஒப்புரவு பற்றிய அதிகாரத்தின் தொடக்கத்திலே கேட்டவர் அவர். புறநானூற்றில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், ஆய் அண்டிரனைப் பாடும்பொழுது, இம்மையிற் கொடுத்து மறுமையிற் பெறலாம் என்று அறத்தை விலைபேசும் வணிகன் அவன் அல்லன் எனச் சிறப்பிக்கின்றார். கொடை வாணிகமாகும் ஆபத்தைச் சங்கப் புலவர் ஒருவர் உணர்ந்திருந்தார் என்பது பெருமைக்குரியதே. ஆனால், ‘பார்த்தீர்களா, எம் முன்னோர் அன்றே கூறிவிட்டனர்’ என்று மேடையில் முழங்கிவிட்டு இறங்கும் பழமைவாதிகளோடு நாம் சேர்ந்துகொள்வதற்கில்லை. ஆயின் கொடை ஆயின் விருப்பம், பெறுபவனின் உரிமையன்று. இன்னொரு மன்னன் கொடாது விட்டாற் புலவர் செய்யக்கூடியதெல்லாம் வசை பாடுவதே.

எமது மரபில் மீட்புக்கு விலையே இல்லாமலும் இருக்கவில்லை. பாரதக் கதையிற் கன்னன் அரங்கின் நடுவே குலம் கேட்டு அவமதிக்கப்படுகிறான். அவ்வேளையில் துரியோதனன் அவனுக்கு அங்கநாட்டு முடியைச் சூட்டி மானத்தை மீட்கின்றான். அம்மீட்புக்குரிய பட்டியல் குருட்சேத்திரத்திலே வந்து சேர்கின்றது. உடன்பிறந்தவர் தம்பியர் என்று அறிந்த பின்னரும் கன்னன் அணி மாற இயலாது. செஞ்சோற்றுக் கடன் அவனை விடாது. அக்கடனை நிலவுடைமைச் சமுதாயம் உயர்ந்த அறமாகப் போற்றியது. போற்றியமைக்குக் காரணமும் உண்டு. வறியவன் ஒருவனை ஒருமுறை காப்பாற்றிவிட்டு அவன் ஆயுள் முழுவதையும் சொந்தமாக்கிக்கொள்ளும் உறவின்மேலேயே அச்சமுதாயம் நின்றது. ஜேர்மன் நீதிமன்றின் 12,600 யூரோவாவது கட்டி முடிக்கக்கூடியது. கன்னனின் கடனுக்கு இறுதித் தவணை கிடையாது. ஆகவே பட்டியலை எதிர்ப்பவர்கள் அதன் இடத்தில் நன்றிக்கடனை அமர்த்த விரும்புவார்களாயின், நாம் அதற்கும் உடன்படுவதற்கில்லை.

இக்கடன் முறையை இலங்கை அறியாததன்று. தென்னிந்தியாவின் வறட்சியினின்றும் பட்டினியினின்றும் தப்பி மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளரின் வழிச்செலவு, அவர்கள் தலையிலேயே கடனாக எழுதப்பட்டது. அக்கடனைக் குறித்த ‘துண்டு’ ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குத் தொழிலாளியோடு சேர்ந்தே கைமாறியது. 1921 ஆம் ஆண்டிற்றான் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பட்டினியிலிருந்து மீட்கிறோம் என்று கூறி அழைத்துவந்து, மீட்ட செலவுக்கு மனிதனையே ஈடாக வைத்துக்கொண்ட முறை அது.

ஒழிந்தது முற்றிலும் ஒழிந்ததா? 2006 ஆம் ஆண்டு யூலையில் லெபனானிற் குண்டு விழுந்தபொழுது, அமெரிக்கா தன் குடிமக்களைக் கப்பலேற்றுமுன் செலவைத் திருப்பித் தருவதாக உறுதிப்பத்திரம் எழுதித் தரும்படி கேட்டது. கண்டனம் எழவே சில நாட்களில் அதனைக் கைவிட்டது. அதே பெய்ரூத்தில் எம் நாட்டுப் பெண்கள் பல்லாயிரவர் வீட்டுப் பணிப்பெண்களாக அகப்பட்டுக் கிடந்தனர். கடவுச்சீட்டு எசமானரின் பெட்டியில். அவர்களிற் பலருக்குப் பத்திரம் எழுதித் தர மேசைகூட இருக்கவில்லை. 2020 ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றால் உலகம் முடங்கியபொழுது, வளைகுடா நாடுகளில் வேலையிழந்து நின்ற எம்மவரிற் பலர் விமானக் கட்டணத்தையும், நாடு திரும்பியபின் தனிமைப்படுத்தப்பட்ட விடுதியின் கட்டணத்தையும் தாமே செலுத்தவேண்டியவராயினர். நாட்டுக்கு ஆண்டுதோறும் அந்நியச் செலாவணி ஈட்டிக் கொடுப்போர் இவர்களே என்று வரவுசெலவுத் திட்ட விவாதங்களிலெல்லாம் புகழ்கின்றோம். ஈட்டும்போது தேசத்தின் பிள்ளைகள், தத்தளிக்கும்போது கட்டணம் செலுத்தும் பயணிகள் போலும்.

எமது நாட்டில் வேறொரு வழியும் கண்முன்னே உண்டு. 1945 ஆம் ஆண்டில் வந்த இலவசக் கல்வியும், பணம் கேளாத அரசாங்க வைத்தியசாலையும் எமது மக்கள் போராடிப் பெற்ற பேறுகள். 2016 ஆம் ஆண்டில் இந்திய நன்கொடையுடன் தென், மேல் மாகாணங்களில் தொடங்கி, 2018 ஆம் ஆண்டில் வடக்குக்கும் வந்த 1990 அம்புலன்ஸ் சேவை, அழைத்தவனிடம் பணம் கேட்பதில்லை. அமெரிக்காவில் அம்புலன்ஸ் ஏறியவன் நோயைவிடப் பட்டியலுக்கே அஞ்சும் காலத்தில், கடன்பட்ட சிறிய நாடொன்று இதனை நடத்துகின்றது. இச்சேவைகளுக்கும் கட்டணம் விதிக்கவேண்டும் என்ற ஆலோசனை எப்போதாவது எழுந்தால், அது சிக்கனம் என்னும் பெயரோடுதான் எழும்.

இவ்வளவும் கூறியபின், எதிர்த்தரப்பின் கேள்வி ஒன்றை நாம் தட்டிக்கழித்தல் ஆகாது. மீட்பு இலவசம் என்போர், மீட்பவனின் வயிற்றைப்பற்றி நினைத்ததுண்டா? இக்கேள்வி நியாயமானது, முற்போக்காளர் பலர் இதற்கு விடை சொல்லாமலே நழுவுகின்றனர். 2022 ஆம் ஆண்டு நவம்பரில், தரகரை நம்பிக் கடலேறிய இலங்கையர் 303 பேரைச் சுமந்த ‘லேடி ஆர் 3’ என்னும் கலம் தென்சீனக் கடலில் மூழ்கும் நிலைக்கு வந்தது. ஜப்பானியக் கொடியுடைய ‘ஹீலியோஸ் லீடர்’ என்னும் வணிகக் கப்பல் வழிமாறிச் சென்று அவர்களை ஏற்றி வியட்நாமின் வுங்தாவு துறைமுகத்திற் சேர்த்தது. அம்மக்களிடம் எவரும் கூலி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுப்பதற்கு அவர்களிடம் ஏதுமில்லை. பெரிய கம்பனி ஒன்று இரண்டொரு நாள் எரிபொருளை இழந்ததற்காக நாம் கண்ணீர் விடப்போவதில்லை. ஆயின், மீட்டவனைத் தண்டிப்பது வழக்கமாகிவிட்டால் அடுத்த கப்பல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். 2020 ஆம் ஆண்டு ஓகஸ்டில் மத்தியதரைக் கடலில் இருபத்தேழு அகதிகளைக் காப்பாற்றிய ‘மார்ஸ்க் எத்தியேன்’ என்னும் டென்மார்க் எண்ணெய்க் கப்பலுக்கு, அவர்களை இறக்க மால்டா இடங்கொடுக்கவில்லை. ஏறத்தாழ நாற்பது நாட்கள் அம்மாலுமிகளும் அகதிகளும் கடலிலேயே நின்றனர். அரசுகள் தம் பங்கைச் செலுத்த மறுத்தமையால் மீட்டோரும் மீட்கப்பட்டோரும் ஒருங்கே அபராதம் செலுத்தினர்.

கம்பனியை விட்டு எம் கரைக்கு வருவோம். 2024 ஆம் ஆண்டு டிசெம்பரில் முள்ளிவாய்க்காற் கடலில், மியன்மாரினின்றும் தப்பிவந்த ரோகிங்கிய மக்கள் நூற்றுக்கு மேற்பட்டோரைச் சுமந்த படகொன்று தத்தளித்தது. அதனை முதலிற் கண்டவர்கள் அப்பகுதிக் கடற்றொழிலாளர். உணவும் நீரும் கொடுத்தவர்கள் அவ்வூர் மக்கள். அம்மண்ணில் 2009 ஆம் ஆண்டில் என்ன நடந்தது என்பதை வாசகர் அறிவர். அவர்களே அந்நிய மொழி பேசும் மக்களுக்குச் சோறு கொடுத்தார்கள். இதற்கு விலை பேச நாம் விரும்பவில்லை. ஆனால் வலையை விட்டுவிட்டு ஆபத்துற்ற படகொன்றை நோக்கி வள்ளத்தைத் திருப்பும் தொழிலாளிக்கு மண்ணெண்ணெய் செலவாகின்றது. அன்றைய பிடிபாடு இல்லாமற் போகின்றது. வள்ளமும் எஞ்சினும் பெரும்பாலும் கடனுக்கு வாங்கியவை. ‘நியூ டயமண்ட்’ கப்பலுக்குச் செலவுக் கணக்கு எழுதத் தெரிந்த அரசாங்கத்துக்கு இதற்கும் எழுதத் தெரியும்.

1854 இன் ஆங்கிலச் சட்டம் காட்டிய பொது நிதியை, அதிகாரியின் விருப்பத்துக்கு விடாமல் தொழிலாளியின் உரிமையாக்கி, கடற்றொழிற் சட்டத்திற் சேர்ப்பது பெரிய காரியமன்று. எமது கடல் வழியே நாள்தோறும் செல்லும் பெருங் கப்பல்களிடமும், எம் துறைமுகங்களைப் பயன்படுத்தும் கம்பனிகளிடமும் பெறும் கட்டணத்தில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும். எந்தப் படகு, எத்தனை மணிநேரம், எவ்வளவு எரிபொருள், எத்தனை கிலோ மீன் நட்டம் என்று கிராமியக் கடற்றொழிலாளர் சங்கமே கணக்குக் கொடுக்கலாம். காப்பாற்றப்பட்டவன் எந்த நாட்டவன், அவனிடம் கடவுச்சீட்டு உண்டா என்ற வினாக்களுக்கு அப்பத்திரத்தில் இடமிருக்கவேண்டியதில்லை. அடுத்த வரவுசெலவுத் திட்டத்துக்குமுன் வடக்கு, கிழக்குக் கரையோரத்துச் சங்கங்கள் இதனை ஒரு கோரிக்கையாக முன்வைக்குமாயின், அதனை எழுதிக் கொடுக்கும் வேலையை ஆசிரியர்களும் மாணவர்களும் ஏற்கலாம்.